இழை அறாமல், எழுத்துக் கிழியாமல்

(உரை)



பெரும்பாணாற்றுப்படை பாடிய கச்சி மூதூர் இன்று காஞ்சிபுரம் என்னும் பெயரோடு நிற்கிறது. உலகம் அவ்வூரை இரண்டு பொருள்களால் அறிந்திருக்கிறது. ஒன்று கோயில், மற்றொன்று பட்டு. மூன்றாவது பொருள் ஒன்றும் அவ்வூர்த் தெருக்களில் இப்போது புகுந்துவிட்டது. அது கணினி. தறிக்குழியில் கால் வைத்து வாழ்ந்த தந்தையின் மகன் கணினியின் முன் அமர்ந்து நிரல் எழுதுகிறான். தாய் தார் சுற்றிய வீட்டில் மகள் வலைத்தளம் வழியாகச் சேலை விற்கிறாள். தொழில் மாறுவது குற்றமன்று, காலத்தின் இயல்பு. ஆயின் அங்கே இரண்டு வினாக்கள் எழுகின்றன. அந்த மகன் தான் கற்ற தொழிலைத் தன் தாய்க்குத் தமிழில் விளக்க முடியுமா? அவன் எழுதிய நிரல், அத்தாயின் பெயரைத் தமிழெழுத்தில் பிழைபடாது வாங்கி வைக்குமா?

முடியும் என்பது முதல் வினாவுக்கு விடை. வைக்கும், ஆனால் நிரல் எழுதுவோன் ஒன்றை அறிந்திருந்தால் என்பது இரண்டாவதற்கு விடை. அவ்விரண்டையும் விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

சொல் தெளியாத இடத்தில் பொருள் தெளியாது. ஆகலின் முதலில் நான்கு சொற்களைக் காண்க.

வலைத்தளம் ஒன்றைக் காண விரும்புகிறவர் தம் கைப்பேசியில் முகவரியைத் தட்டுகிறார். அக்கருவி தொலைவிலுள்ள மற்றொரு கணினிக்கு, இன்ன பக்கத்தைக் கொடு என்று ஒரு செய்தி விடுக்கிறது. அச்செய்தி வேண்டுகை. வேண்டியதைத் தேடி எடுத்து அனுப்பும் கணினியை ஆங்கிலம் கலந்து பேசுவோர் சர்வர் என்பர். சிலர் சேவையகம் என்பர். முன்னது அயற்சொல், பின்னது அயல்வேரில் முளைத்த ஒட்டு. வழங்குவது வழங்கி என்று தமிழ் எளிதாகச் சொல்லிவிடுகிறது. மணிமேகலை கச்சி மாநகர் புகுந்து, பசியால் வாடியோர்க்கு அமுதசுரபியினின்று உணவு வழங்கினாள் என்று சாத்தனார் காப்பியம் கூறும். கலம் ஒன்று, வந்தோர் பலர், வழங்கியவள் ஒருத்தி. இவ்வுரை பேசும் பொருளும் அதுவே: ஒருவர் பலர்க்கு எவ்வாறு வழங்குவது?

இரண்டாவது சொல் இழை. கணினிக்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து செல்லும் ஒரு வேலைத்தொடர்ச்சிக்கு ஆங்கிலத்தார் நெசவிலிருந்து பெயர் எடுத்து திரெட்டு என்றனர். நெசவு அவர்தம் தனியுடைமையா? பாவும் ஊடையும், தறியும் தாரும், அச்சும் விழுதும் என்று ஒரு தொழிற்சொற்களஞ்சியமே தமிழில் கிடக்கிறது. இழை என்னும் சொல்லை எவரிடமும் கடன் வாங்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துத் தறிமேடையில் இருப்பதை எடுத்துக் கணினியில் வைத்தால் போதும்.

மூன்றாவது நிகழ்வு. நிகழ்வு வழி இயங்குதல் என்றால், ஒன்று நடந்தபோது மட்டும் அதற்குரிய வேலையைச் செய்து, நடவாதபோது வாளா இருத்தல். இதற்கு எடுத்துக்காட்டும் தறியிலேயே உண்டு. 1804-இல் பிரெஞ்சு நாட்டுச் சக்கார்டு என்பார் ஆக்கிய துளையட்டைப் பெட்டி காஞ்சிபுரத்துத் தறிகளின் மேலும் அமர்ந்திருக்கிறது. நெசவாளர் மிதியை அழுத்துகிறார், அட்டை திரும்புகிறது, துளையுள்ள இடத்துப் பாவிழைகள் மேலெழுகின்றன, ஓடம் ஊடே செல்கிறது. மிதி அழுந்தாவிட்டால் பெட்டி அசைவதில்லை. மிதி அழுந்தியது நிகழ்வு. இழை எழுந்தது அதற்குரிய செயல். இவ்வட்டையின் வழிவந்தவையே பிற்காலக் கணிப்பொறிகளின் துளையட்டைகளும். ஆகவே நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்குக் கணினி அயல்வீட்டுப் பொருளன்று. சுற்றி வந்த உறவு.

நான்காவது சொல் முடங்காமை. ஒரு வேலை முடியுமட்டும் அங்கேயே நின்று வேறெதுவும் செய்யாதிருத்தல் முடங்குதல். முடியும்போது சொல், அதுவரை அடுத்ததைப் பார்க்கிறேன் என்று நகர்தல் முடங்காமை.

காத்திருப்பின் விலை

வழங்கி ஒரு வேண்டுகைக்கு விடை தரும்போது தானே கணக்கிடும் நேரம் மிகச் சிறிது. வட்டிலிருந்து கோப்பு வருவதற்கும், தரவுத்தளம் விடை சொல்வதற்கும், தொலைவிலுள்ள கைப்பேசி செய்தியை அனுப்பி முடிப்பதற்கும் காத்திருக்கும் நேரமே பெரிது.

எவ்வளவு பெரிது? நோடு என்னும் கட்டமைப்பை ஆக்கிய இரயன் தால், 2009-இல் பெர்லினில் அதனை அறிமுகம் செய்தபோது ஒரு கணக்கைக் காட்டினார். கணினியின் நெஞ்சத் துடிப்பு ஒன்றை ஓர் அலகாகக் கொண்டால், மிக அண்மையிலுள்ள நினைவறையைத் தொட 3 துடிப்பு. முதன்மை நினைவகத்தைத் தொட 250 துடிப்பு. வட்டைத் தொட 4 கோடியே 10 இலக்கம் துடிப்பு. வலையைத் தாண்டிச் சென்று வர 24 கோடித் துடிப்பு.

இவ்வெண்களை மாந்தர் அளவுக்கு நீட்டிப் பார்க்க. ஒரு துடிப்பு ஒரு நொடி எனக் கொண்டால், அண்மை நினைவறைக்கு 3 நொடி. முதன்மை நினைவகத்திற்கு 4 மணித்துளிக்குச் சற்று மேல். வட்டுக்கு ஓர் ஆண்டும் மூன்றரைத் திங்களும். வலைக்கு ஏழரை ஆண்டு! ஊடைக்கு நூல் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அது வருமட்டும் ஏழரை ஆண்டு தறியில் கைகட்டி அமர்ந்திருக்கும் நெசவாளர் எவரேனும் உண்டா? முடங்கி நிற்கும் வழங்கியின் இழை செய்வது அதுவே.

ஆளுக்கோர் இழை

பழைய முறை எளியது. வேண்டுகை ஒன்று வந்தால் அதற்கென ஓர் இழை, அல்லது ஒரு தனி இயக்கம் ஒதுக்கப்படும். அவ்விழை அந்த வேண்டுகையோடு தொடக்கம் முதல் இறுதி வரை கூடவே நிற்கும். நிரல் எழுதுவது எளிது; படித்தாலும் புரியும். அப்பாச்சி என்னும் புகழ்பெற்ற வழங்கி மென்பொருள் இம்முறையில்தான் வளர்ந்தது.

ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை எண்ணிப் பார்க்க. உறுப்பினர் நெய்த சேலையைக் கொண்டுவருவார். அதனை எடை போட்டு, குறை பார்த்து, கூலியைப் பதிந்து, அடுத்த சேலைக்குரிய பட்டும் சரிகையும் நிறுத்துக் கொடுக்க வேண்டும். வந்த ஒவ்வொருவரோடும் ஓர் எழுத்தர் இறுதிவரை கூடவே நிற்பது என்று வைத்துக்கொண்டால், பத்துப் பேருக்குப் பத்து எழுத்தர். சாயப்பட்டறையிலிருந்து பட்டு வரத் தாழ்ந்தால் அப்பத்து எழுத்தரும் சுவரைப் பார்த்து நிற்பர். ஆயிரம் பேர் வந்தால் ஆயிரம் எழுத்தர்க்கு இருக்கை ஏது? அறையேது? ஒருவர் எழ மற்றவர் அமர என்று இடம் மாறுவதிலேயே பொழுது போய்விடும். கணினியிலும் அவ்வாறே. ஒவ்வோர் இழைக்கும் நினைவகத்தில் தனி இடம் வேண்டும். ஓரிழையை நிறுத்தி மற்றோரிழையை ஓட்டும் மாற்றத்திற்கும் விலை உண்டு.

ஒரே நேரத்தில் பதினாயிரம் பேருக்கு ஒரு கணினி ஏன் வழங்க முடியாது என்னும் வினாவைத் தான் கெகல் என்பார் 1999-இல் எழுப்பினார். பதினாயிரம் பெரிய எண்ணா? காஞ்சிபுரத்தார்க்கு அன்று. 1979-க்குப் பின் 40 ஆண்டு கழித்து, 2019-இல் வரதராசப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் 47 நாள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, வந்தவர் தொகை ஏறத்தாழ ஒரு கோடி என்று கணக்கிட்டனர். நாளொன்றுக்கு இரண்டு இலக்கத்திற்கு மேல்! நெரிசலில் உயிரிழந்தோரும் உண்டு. வருவோரை எவ்வாறு நிறுத்துவது, எவ்வாறு நகர்த்துவது என்பது விளையாட்டான வினா அன்று என்பதை அவ்வூர் கண்ணாரக் கண்டது.

நிகழ்வுச் சுழல்

புதிய முறையில் எழுத்தர் ஒருவரே. அவர் எவரோடும் நின்றுகொண்டிருப்பதில்லை. முதல்வரின் சேலையை வாங்கி எடைக்கு அனுப்புகிறார். அடையாள வில்லை ஒன்றைக் கொடுக்கிறார். எடை முடிந்ததும் இன்னது செய்க என்று குறித்து வைக்கிறார். உடனே அடுத்தவரை அழைக்கிறார். எடை முடிந்த சேலை, நிறுத்து வந்த பட்டு, கையொப்பம் ஆன தாள் என முடிந்தவை அவர் மேசைக்கு வந்து வரிசையில் நிற்கும். அவர் வரிசையின் தலைப்பிலுள்ளதை எடுப்பார், குறித்து வைத்ததைச் செய்வார், அடுத்ததை எடுப்பார். இச்சுற்று ஓயாது. இதுவே நிகழ்வுச் சுழல். முடிந்ததும் இன்னது செய்க என்று குறித்து வைப்பது மீளழைப்பு.

இதற்கு இயங்குதளத்தின் துணை வேண்டும். 1983-இல் வந்த செலக்ட்டு என்னும் பழைய வழியில், வழங்கி தன்னிடமுள்ள எல்லா இணைப்புகளின் பட்டியலையும் ஒவ்வொரு முறையும் நீட்டி, இவற்றுள் எது ஆயத்தம் என்று கேட்க வேண்டும். பதினாயிரம் பேரையும் ஒவ்வொருவராகத் தட்டி, உமக்கு ஆயிற்றா, உமக்கு ஆயிற்றா என்று கேட்பது போன்றது அது. 2000-இல் பிரீபிஎசுடி இயங்குதளத்தில் கேகியூ வந்தது. 2002-இல் இலினக்சுக் கருவில் ஈபோல் வந்தது. இவற்றில் இணைப்பை ஒரு முறை பதிந்தால் போதும். ஆயத்தமானவற்றின் பெயர் மட்டும் திரும்பி வரும். காத்திருப்போர் எத்துணைப் பேராயினும் எழுத்தர்க்குச் சுமையில்லை. ஆயத்தமானோர் அளவே வேலை.

இந்த அடித்தளத்தின் மேல் உருசியாவைச் சேர்ந்த ஈகோர் சிசோயெவ் எழுதி 2004-இல் வெளியிட்டது எஞ்சினெக்சு. 2009-இல் தால் வெளியிட்டது நோடு. சாவாக்கிரிப்டு மொழியில் நிரல் எழுதுவோர்க்கெல்லாம் நோடு இம்முறையைக் கைக்கெட்டச் செய்தது.

ஒற்றை எழுத்தரின் கடமைகள்

இம்முறை மாயமன்று. ஒருவரே எல்லார்க்கும் வழங்குவதால், அவர் பிழைத்தால் எல்லார்க்கும் பிழை. ஆகலின் நான்கு கடமைகளைக் கைக்கொள்ள வேண்டும்.

முதலாவது, சுழலுக்குள் நெடுவேலை செய்யலாகாது. சேலைப் படம் ஆயிரத்தைச் சிறிதாக்குவதும், பேரெண் கணக்குகளும் காத்திருப்பு அல்ல, மெய்யான உழைப்பு. அவற்றை எழுத்தர் தாமே செய்யத் தொடங்கினால் வரிசை முழுதும் நின்றுவிடும். அவ்வேலையைத் தனி இழைகளிடமோ தனி இயக்கத்திடமோ தள்ள வேண்டும். நோடுங்கூடக் கோப்பு வேலைகளுக்கென்று உள்ளே இயல்பாக நான்கு இழைகளை வைத்திருக்கிறது. ஓரிழை என்பது சுழலுக்கே, உலகுக்கன்று.

இரண்டாவது, எல்லை வகுத்தல். வேண்டுகையை ஒரே முறையில் அனுப்பாது, துளித்துளியாக, வேண்டுமென்றே தாழ்த்தி அனுப்பி வழங்கியை முடக்கும் தீங்குமுறை ஒன்று 2009-இல் வெளிப்பட்டது. ஆளுக்கோர் இழை வைத்த வழங்கிகளின் இழைகளெல்லாம் அதில் சிக்கி நின்றன. நிகழ்வு வழி இயங்குவது எளிதில் சிக்காது. எனினும் எத்துணை நேரம், எத்துணை அளவு என்று வரையறுக்காத வழங்கி என்றேனும் வீழும்.

மூன்றாவது, வாங்குவோர் ஆற்றலறிந்து வழங்கல். தார் சுற்றுவோர் கை விரைந்து, நெய்வோர் கை தாழ்ந்தால் தார் குவியும். வட்டு விரைவாகக் கொடுக்க, வலுவற்ற இணைப்பிலுள்ள கைப்பேசி மெல்ல வாங்கினால் இடையிலுள்ள நினைவகத்தில் அவ்வாறே குவியும். குவிந்து நிரம்பினால் வழங்கி சாயும். வாங்குவோர் வாங்கி முடிக்குமட்டும் வட்டினின்று எடுப்பதை நிறுத்தி வைக்க வேண்டும்.

நான்காவது, பிழையைப் பிடித்தல். ஆளுக்கோர் இயக்கம் இருந்த முறையில் ஒன்று செத்தால் ஒருவர்க்கே இழப்பு. ஒற்றைச் சுழலில் கையாளாது விட்ட ஒரு பிழை, அந்நேரத்தில் இணைந்திருந்த அனைவரையும் ஒருசேர அறுத்துவிடும். ஒவ்வொரு மீளழைப்பிலும் பிழைக்கு வழி வைப்பதும், ஒன்றுக்கு மேற்பட்ட சுழல்களை இணையாக ஓட்டி, விழுந்ததை எழுப்புவதும் வேண்டும்.

இவை எல்லா மொழியார்க்கும் பொது. இனி வருவது தமிழர்க்குச் சிறப்பு.

கிழியும் எழுத்து

முடங்கா முறையில் வேண்டுகை முழுதாக வந்து சேர்வதில்லை. வந்தமட்டும் ஒரு துண்டு. பின்னர் ஒரு துண்டு. பின்னும் ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டின் வருகையும் ஒரு நிகழ்வு. எந்த இடத்தில் துண்டாகும் என்பதை வலையும் நினைவகமும் முடிவு செய்கின்றன. எழுதியவரின் மொழியைப் பார்த்து அவை வெட்டுவதில்லை.

கணினி எழுத்துகளை எண்களாக வைக்கிறது. 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணைக் கொள்ளும் சிற்றறையைப் பைட்டு என்பர். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு சிற்றறை போதும். ஒருங்குறியின் வழக்கமான அனுப்பு வடிவில் தமிழ்க்குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று சிற்றறை வேண்டும். ககரம் 224, 174, 149 என்று செல்லும். புள்ளி 224, 175, 141 என்று செல்லும். காஞ்சி என்னும் சொல்லில் ககரம், கால், ஞகரம், புள்ளி, சகரம், இகரக்கொக்கி என ஆறு குறிகள். ஆகவே 18 சிற்றறைகள்.

இப்போது அச்சொல் பத்துச் சிற்றறைக்குப் பின் துண்டாகிறது என்று கொள்க. முதற்றுண்டில் ககரமும் காலும் ஞகரமும் முழுதாக வந்தன. பத்தாவது சிற்றறையில் புள்ளியின் தலை மட்டும் வந்தது. அதன் உடலிரண்டும் அடுத்த துண்டில் வருகின்றன. நிரல் எழுதுவோன் அறியாமையால் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக மாற்றிப் பின் ஒட்டுகிறான். தலையைக் கண்ட கணினி, இஃது எழுத்தன்று என்று சொல்லி வினாக்குறி பொறித்த கரிய சாய்கட்டம் ஒன்றை வைக்கிறது. அடுத்த துண்டின் முதலிரண்டு சிற்றறைகளையும் கண்டு, இவையும் எழுத்தல்ல என்று இன்னும் இரண்டு கட்டம் வைக்கிறது. முடிவில் காஞ்சியில் புள்ளி போய் மூன்று கரிய கட்டங்கள் நிற்கின்றன. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் வகுத்து வைத்த புள்ளியை, ஒரு வரி நிரல் தின்றுவிட்டது! ஒருமுறை இவ்வாறு ஆனபின் அவ்வெழுத்து மீளாது. கட்டம்தான் தரவுத்தளத்தில் பதிந்திருக்கும்.

இக்குற்றம் எளிதில் வெளிப்படுவதுமில்லை. நிரலை ஆங்கிலத்தில் தட்டிப் பார்ப்பவனுக்கு என்றும் தெரியாது. ஒற்றைச் சிற்றறையை எவ்வாறு கிழிப்பது? தமிழில் தட்டினும் சிறு பெயர் ஒரே துண்டில் வந்துவிடும். கம்பிவழி வலையின் ஒரு பொதி வழக்கமாக 1460 சிற்றறை கொள்ளும். நெசவாளர் ஒருவர் நான்கு வரி எழுதினால் பிழையில்லை. தம் குறையை இரண்டு பக்கம் எழுதினால் நடுவே எழுத்துக் கிழியும். கோப்பினின்று எடுக்கும்போது நோடு 65,536 சிற்றறைக்கு ஒரு துண்டாக எடுக்கும். அவ்வெண்ணை மூன்றால் வகுக்க. 21,845 முறை போக ஒன்று மீதி. முழுதும் தமிழ்க்குறிகளே நிறைந்த கோப்பாயின் முதல் வெட்டே ஓரெழுத்தின் கழுத்தில் விழும். இடைவெளிகள் இருப்பின் வெட்டு இங்குமங்கும் நகரும், அவ்வளவே. பெரிதும் எழுதுபவனுக்கே பெரிதும் இழப்பு என்னும் கொடுமை இது.

மருந்து மிக எளிது. துண்டுகளை எண்களாகவே சேர்த்து வைத்து, எல்லாம் வந்தபின் ஒருமுறை எழுத்தாக்குவது ஒரு வழி. பெரிய தரவாயின், துண்டின் கடைசியில் முழுமையுறாது நிற்கும் சிற்றறைகளைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த துண்டின் தலையில் சேர்ப்பது மறுவழி. இதற்கென்றே நோடில் இசுட்ரிங்கு டிகோடர் என்னும் கருவி தொடக்கக் காலம் முதல் இருக்கிறது. பைத்தான் மொழியிலும் உலாவிகளிலும் இத்தகையன உண்டு. இஃது இயல்வதற்குக் கரணியம் அக்குறியாக்கத்தின் அமைப்பு. 1992-இல் கென் தாம்சனும் இராபு பைக்கும் அதனை வகுத்தபோது, தலைச்சிற்றறையைக் கண்டாலே மொத்தம் எத்தனை என்று தெரியுமாறு வைத்தனர். 224 என்று கண்டால் பின்னே இரண்டு வரவேண்டும். வரவில்லையெனில் காத்திரு. பாவிழை அறுந்தால் நெசவாளர் அறுந்த முனையை வீசிவிடுவதில்லை. பிடித்துக்கொண்டு மறுமுனையைத் தேடிப் புனைகிறார். நிரலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

இதனோடு ஒட்டிய பிழைகள் இரண்டு. விடையை அனுப்பும் வழங்கி, இத்துணைச் சிற்றறை வருகிறது என்று முன்னரே அறிவிப்பது உண்டு. குறிகளை எண்ணி 6 என்று அறிவித்துவிட்டுக் காஞ்சியின் 18 சிற்றறைகளை அனுப்பினால், பெறுகிற கருவி ஆறு சிற்றறையோடு நிறுத்திக்கொள்ளும். அனுப்பியது காஞ்சி, சேர்ந்தது கா! எண்ண வேண்டியது குறிகளையல்ல, சிற்றறைகளை. அடுத்து, கொற்றவை என்பதிலுள்ள கொகரத்தை, ஒற்றை ஒகரக்குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வெவ்வேறு. வேண்டுகையில் வந்த பெயரை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்த பின்னரே பதிவேட்டில் தேட வேண்டும். இல்லாவிடில் உள்ள பெயரையே இல்லை என்று வழங்கி சொல்லிவிடும்.

பழி யார்மேல்?

இவ்வாறு எழுத்துக் கிழியும்போது நடப்பது என்ன? அறியாத நிரலாளன், தமிழ் வலைக்கு ஒத்துவரவில்லை என்கிறான். பெயரை ஆங்கிலத்தில் எழுதுக என்று படிவத்தின் தலையில் ஒரு வரி சேர்க்கிறான். முற்பதும் நாற்பதும் ஆண்டு தறியில் இருந்த முதியவர் தம் பெயரை அயலெழுத்தில் எழுத ஆள்தேடிப் போகிறார். எழுத வந்தவர் தம் விருப்பம்போல் எழுதுகிறார். அடையாள அட்டையில் ஒருவகை, வைப்பகத்தில் ஒருவகை, சங்கத்துப் பதிவேட்டில் ஒருவகை எனப் பெயர் மூன்றாகிறது. பெயர் ஒத்துவரவில்லை என்று சொல்லி அவர் பணம் நிறுத்தப்படுமாயின், அவ்விழப்பின் தொடக்கம் எங்கே? துண்டை எழுத்தாக்கிய அந்த ஒரு வரி நிரலில்.

குறை தமிழில் இல்லை. வெட்டிய கையில் இருக்கிறது. ஒருங்குறி 1991 முதல் தமிழைத் தாங்கி நிற்கிறது. உயிர்மெய்களைத் தனித்தனியே வையாது 128 இடத்துள் அடக்கிய அதன் முறை சரியா என்பது தனி வழக்கு. தமிழ்நாட்டரசு 2010-இல் தமிழ் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தையும் ஏற்று ஆணையிட்டது அவ்வழக்கின் ஒரு பகுதி. எனினும் இன்றுள்ள குறியாக்கத்திலேயே ஓர் எழுத்தும் கிழியாமல் ஒரு கோடி வேண்டுகைகளைக் கையாளலாம். சீனரும் சப்பானியரும் இதே மூன்று சிற்றறையோடுதான் வலையை ஆளுகின்றனர். முகவரியிலும் தமிழ் ஏறிவிட்டது. 2010, 2011 ஆண்டுகளில் இலங்கை, சிங்கப்பூர், இந்தியா என்னும் பெயர்கள் தமிழெழுத்திலேயே வலைமுகவரியின் ஈறாக ஏற்கப்பட்டன. காஞ்சிபுரம் என்பதை ஒரு பக்கத்தின் முகவரியாகத் தட்டினால், 33 சிற்றறைகள் 99 உருக்களாக விரிந்து வழங்கியை அடைகின்றன. வழங்கி அவற்றைத் திரும்ப மடித்து அதே சொல்லாகப் படிக்கிறது. இடையில் எதுவும் குறைவதில்லை.

ஆகவே கணினி பயிலும் தமிழிளைஞர் செய்யத்தக்கவை இவை. நிரலை ஆங்கிலத்தில் மட்டும் தட்டிப் பார்த்து முடிக்கலாகாது. நெடிய தமிழ் உரையைத் தந்து, அதனை ஒவ்வொரு சிற்றறையாக வெட்டி அனுப்பிப் பார்க்க வேண்டும். அவ்வாறு வெட்டியும் எழுத்து முழுதாகச் சேர்ந்தால்தான் அந்நிரல் தமிழர்க்கு ஏற்றது. பெயரைத் தமிழில் வாங்காத படிவத்தைக் கண்டால், ஏன் என்று கேட்க வேண்டும். கேட்பதோடு நில்லாது திருத்தும் வழியையும் எழுதிக் காட்ட வேண்டும். வழங்கி, வேண்டுகை, நிகழ்வுச் சுழல், மீளழைப்பு, இழை, முடங்காமை என்னும் சொற்களை மாணவர் முன் நாணாது வழங்க வேண்டும். வழங்காத சொல் துருப்பிடிக்கும். வழங்கிய சொல் ஒளிவிடும்.

பட்டு நெசவில் ஓரிழை அறுந்தாலும் அதைப் புனையாமல் அடுத்த ஊடையை ஓட்டமாட்டார் காஞ்சிபுரத்து நெசவாளர். சேலையின் மதிப்பு அந்தப் பொறுமையில் இருக்கிறது. அவர் மக்கள் நெய்யும் வலையிலும் அப்பொறுமை வேண்டும். வருவோர் எத்துணைப் பேராயினும் முடங்காது வழங்குக! எத்துணைத் துண்டாக வரினும் எழுத்துக் கிழியாது வாங்குக! தமிழன் பெயர் தமிழெழுத்தில் முழுதாகச் சேரும் நாளை, ஒவ்வொரு வரி நிரலாலும் அண்மையாக்குக!

வாழ்க தமிழ்!